பறிபோன படிப்பைக் கேட்டுப் பெறுவோம்!

(திருமுருகன்பூண்டித் தெருமுனைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சேரமான் பெருமாள் கொடுத்த பொன்னோடு வந்த சுந்தரரை இந்தப் பூண்டியில் வேடர்கள் வழிமறித்துப் பறித்தார்களாம். அவர் பதிகம் பாடியதும் பொருள் திரும்பி வந்தது என்பது தலபுராணம். கொரோனாக் காலத்தில் நம் பிள்ளைகளிடமிருந்தும் ஒன்று பறிபோயிற்று. அதுதான் படிப்பு. அதைப் பாடி வாங்க முடியாது. ஒன்றுசேர்ந்து கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

2020 மார்ச்சில் பள்ளிகளை மூடினார்கள். ஒன்று முதல் எட்டு வரை உள்ள வகுப்புகள் நம் மாநிலத்தில் மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1-ல். பத்தொன்பது மாதம்! ஒன்றாம் வகுப்பில் இருந்த குழந்தை மூன்றாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தது. கொள்ளைநோய் பரவியபோது மூடியதை நாம் குறை கூறவில்லை. "வீட்டிலேயே படியுங்கள்" என்றார்களே, அந்த வீட்டைப் பார்த்தார்களா என்பதே கேள்வி.

நம் வீடு லைன் வீடு. ஒரே அறை, அதிலேயே அடுப்பு, அதிலேயே படுக்கை. கம்பெனிகள் மறுபடி ஓடத் தொடங்கியதும், இருந்த ஒரு போனும் அப்பாவோடு ஷிப்டுக்குப் போயிற்று. அப்பா ஓவர்லாக் மெஷினில், அம்மா செக்கிங்கில். காலை எட்டரைக்குப் போனால் ஒன்றரை ஷிப்ட் முடித்து வர இரவு எட்டரை. பாடம் சொல்லித்தர யார் இருந்தார்கள்? காட்டு வேலைக்குப் போகும் தாயின் குடிசையிலும் இதே கதைதான். ஒடிசாவிலிருந்து வந்த தோழரின் குழந்தைக்கோ கல்வித் தொலைக்காட்சியின் மொழியே புரியவில்லை.

இது சர்க்காருக்குத் தெரியாததா? 2017–18-ல் எடுத்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பிலேயே நாட்டில் 100 குடும்பங்களுக்குச் சுமார் 24-ல்தான் இணைய வசதி இருந்தது. 2021 ஆகஸ்டில் ழான் திரேஸ் முதலிய அறிஞர்கள் 15 மாநிலங்களிலும் யூனியன் பிரதேசங்களிலும் சுமார் 1,400 ஏழைப் பிள்ளைகளைப் பற்றி விசாரித்தார்கள். கிராமங்களில் போன், கணினி வழியாக ஒழுங்காகப் படித்தவர்கள் 100-க்கு 8 பேர். படிப்பையே விட்டிருந்தவர்கள் 37 பேர்!

பெற்றோருக்கு அக்கறை இல்லையா? உண்டு. இல்லாதது நேரமும் காசும்தான்.

2021 அக்டோபர் 27-ல் மாநில சர்க்கார் 'இல்லம் தேடிக் கல்வி'யைத் தொடங்கியது. மாலையில் ஒன்று, ஒன்றரை மணி நேரம் நம் தெருவிலேயே பாடம். சுமார் 20 பிள்ளைகளுக்கு ஒரு தன்னார்வலர். நல்லதை நல்லது என்போம். பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தந்தபோது பிள்ளை படித்தது. ஆனால் அந்த அக்காவுக்குக் கொடுத்தது மாதம் 1,000 ரூபாய். இதை ஊதியம் என்று சொல்ல முடியுமா?

ஆகவே நாம் செய்ய வேண்டியது என்ன? வாசிக்கத் திணறும் பிள்ளைகள், பள்ளியை விட்டுக் கைமடிக்கப் போன பிள்ளைகள் யார் யார் என்று லைன் லைனாகப் பட்டியல் எடுப்போம். அதைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் வைப்போம். லைன் வீடுகளுக்கு அருகிலேயே மாலை வகுப்பும், சொல்லித்தருபவருக்கு நியாயமான ஊதியமும், வெளிமாநிலக் குழந்தைக்கு அதன் மொழி தெரிந்த துணையும் கோருவோம். இனி ஒரு கொள்ளைநோய் வந்தால், பாடத்தோடு அரிசியும் நிவாரணக் கூலியும் வீடு தேடி வர வேண்டும். பசித்த வீட்டில் பாடம் நடக்காது.

தாய்மார்களே! எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும், "இன்று படித்ததை வாசித்துக் காட்டு, கண்ணு" என்று கேட்க நம்மால் முடியும். அப்படிக் கேட்க, பிள்ளை தூங்கும் முன் நாம் வீடு திரும்ப வேண்டும். எட்டு மணி நேர வேலை, அதற்கே வயிறு நிறையும் கூலி என்ற கோரிக்கை நம் பிள்ளைகளின் படிப்புக்கான கோரிக்கையும் ஆகும்.

சங்கத்தில் சேருங்கள்! பட்டியலோடு வாருங்கள்!