பழைய எஸ்.யு.வி. வாங்குவோர் கவனத்துக்கு: முன்பணத்துக்கு முன் ஒரு காலைப்பொழுது



ஒரு குடும்பம் தன் வாழ்நாளில் வாங்கும் பொருள்களில், வீட்டுக்கு அடுத்தபடியாக அதிகப் பணம் கொடுப்பது வாகனத்துக்குத்தான். ஆனால் கல்யாணச் சேலை எடுக்க நான்கு கடை ஏறி இறங்குகிறவர்கள்கூடப் பழைய கார் வாங்கும்போது அரை மணி நேரத்தில் கையெழுத்துப் போட்டு விடுகிறார்கள். தவணை கட்டுவதோ ஐந்து, ஏழு, சில வேளை ஒன்பது ஆண்டு. அரை மணி நேர முடிவுக்கு ஒன்பது ஆண்டு மாதத் தவணை என்பது எந்த வகையில் நியாயம் என்று சிந்திக்க வேண்டும்.

கிள்ளானில் ஒரு குடும்பம் என்று வைத்துக் கொள்ளலாம். கணவன், மனைவி, மூன்று பிள்ளைகள், கூடவே பாட்டி. இருக்கிற சிறிய காரில் ஆறு பேர் நெருக்கி உட்கார்ந்து தைப்பிங்கில் இருக்கும் உறவினர் வீட்டுக்குப் போவதற்குள் முதுகு ஒடிந்து விடுகிறது. தீபாவளிக்குள் ஓர் எஸ்.யு.வி. வாங்கிவிட வேண்டும் என்று தீர்மானித்து, சேமிப்பில் இருந்த 8,000 வெள்ளியோடு பழைய கார்க் கடைக்குப் போகிறார்கள். வண்டி கண்ணாடி போல் மின்னுகிறது. "அண்ணே, சாயங்காலம் இன்னொருத்தர் பார்க்க வர்றாரு. 500 வெள்ளி புக்கிங் போட்டுடுங்க, மத்ததை அப்புறம் பார்த்துக்கலாம்" என்கிறார் விற்பனையாளர்.

குடும்பங்கள் ஏமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். முன்பணம் கொடுத்த பிறகு வாங்குபவரின் கண் குறையைத் தேடுவதில்லை. கொடுத்த 500 வெள்ளியைக் காப்பாற்றக் காரணம் தேடுகிறது. ஆகவே முதலில் பரிசோதனை, பிறகே பணம் என்ற வரிசை மாறவே கூடாது.

எந்த வண்டி, என்ன இயந்திரம்?

எஸ்.யு.வி. என்று ஒரே பெயரில் அழைத்தாலும் உள்ளே இருப்பவை வேறு வேறு. 2019 ஜனவரியில் அறிமுகமான பெரோடுவா அரூஸ், 1.5 லிட்டர் இயந்திரமும் நான்கு வேக தானியங்கி கியரும் கொண்ட ஏழு இருக்கை வண்டி. பின் சக்கரங்களை இயக்கும் அமைப்பு அதற்கு. 2015-இல் வந்த ஹோண்டா எச்.ஆர்.வி. 1.8 லிட்டர், அதில் உள்ளது சி.வி.டி. கியர். 2018 டிசம்பரில் வந்த புரோட்டான் எக்ஸ்70 முதலில் ஆறு வேக தானியங்கி கியரோடு சீனாவிலிருந்து முழு வண்டியாக இறக்குமதியானது. 2020-இல் தஞ்சோங் மாலிமில் தயாரான வண்டி வந்தபோது ஏழு வேக இரட்டைக் கிளட்ச் கியருக்கு மாறியது. அதே ஆண்டு அக்டோபரில் வந்த எக்ஸ்50 மூன்று சிலிண்டர் டர்போ; அதற்கும் இரட்டைக் கிளட்ச்தான்.

கியர் எந்த வகை என்று தெரியாமல் ஓட்டிப் பார்த்தால் எதைக் கவனிப்பது என்றே தெரியாது. சி.வி.டி. என்றால் மெதுவாகப் புறப்படும்போது நடுக்கம் இருக்கிறதா, இயந்திரம் இரைந்தும் வேகம் ஏறத் தாமதிக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குரிய கியர் எண்ணெய் எப்போது மாற்றப்பட்டது என்ற பதிவையும் கேட்க வேண்டும். இரட்டைக் கிளட்ச் என்றால் நெரிசலில் ஊர்ந்து போகும்போதும், மேட்டில் ரிவர்ஸ் எடுக்கும்போதும் உதறல் வருகிறதா என்று பார்க்க வேண்டும். காலியான சாலையில் நேராக ஓட்டிக் காட்டினால் எல்லா கியரும் நல்ல கியராகத்தான் தெரியும்.

சாலை வரியிலும் வேறுபாடு உண்டு. தீபகற்ப மலேசியாவில் தனியார் பயன்பாட்டு எஸ்.யு.வி. 1.5 லிட்டர் என்றால் ஆண்டுக்கு 120 வெள்ளி. 1.8 லிட்டர் என்றால் ஏறத்தாழ 360 வெள்ளி. காப்புறுதி, நான்கு பெரிய டயர்கள், சர்வீஸ் ஆகியவற்றையும் சேர்த்து மாதச் செலவைக் கணக்கிட்ட பிறகே தவணை தாங்குமா என்று சொல்ல முடியும்.

வெள்ளத்தில் நின்ற வண்டி

2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கைப் புரட்டிப் போட்ட வெள்ளத்தை யாரும் மறந்திருக்க முடியாது. ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் கார்களின் கூரை வரை நீர் நின்றது. அப்படி மூழ்கிய வண்டிகள் எல்லாம் பழைய இரும்புக்குப் போய்விட்டன என்று எண்ணிவிடக் கூடாது. வெள்ளத்தில் நின்ற வண்டி கழுவப்பட்டு, காயவைக்கப்பட்டு, வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு மீண்டும் சந்தைக்கு வருவதுண்டு. எஸ்.யு.வி. உயரமானது என்ற துணிச்சலில் பெருகிய நீருக்குள் ஓட்டப்பட்டவையும் உண்டு.

வெள்ளம் பட்ட வண்டி முதல் நாள் நன்றாகத்தான் ஓடும். அதன் நோய் மின்கம்பிகளின் இணைப்புகளில் இருக்கிறது. அங்கே மெல்ல மெல்லப் பச்சை படிந்து, ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து ஒவ்வொன்றாகச் செயலிழக்கும். அப்படிச் செயலிழப்பது வானொலி என்றால் பரவாயில்லை. காற்றுப்பையாகவோ பிரேக் கட்டுப்பாடாகவோ இருந்தால் உயிருக்கே ஆபத்து.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. ஒரு கைவிளக்கு போதும். ஒவ்வோர் இருக்கையின் சீட் பெல்ட்டையும் கடைசி வரை வெளியே இழுத்துப் பார்க்க வேண்டும். கழுவுகிறவர் கை எட்டாத அந்தப் பகுதியில் சேற்று நீரின் கோடு அப்படியே தங்கியிருக்கும். பூட்டில் விரிப்பைத் தூக்கி, மாற்று டயர் வைக்கும் குழியைப் பார்க்க வேண்டும். இருக்கைக்கு அடியில் உள்ள போல்ட்டுகளும் கம்பிச் சுருள்களும் துருவேறி இருக்கின்றனவா என்று கவனிக்க வேண்டும். டேஷ்போர்டுக்குக் கீழே ஃபியூஸ் பெட்டியின் மூலைகளில் மண் படிந்திருக்கக் கூடாது. ஐந்து வயது வண்டிக்கு விரிப்பும் இருக்கை உறையும் புத்தம் புதிதாக இருந்தால், ஏன் மாற்றினார்கள் என்று கேட்க வேண்டும்.

எரிய வேண்டிய விளக்கு

சாவியைத் திருப்பியதும், இயந்திரம் இயங்கும் முன், மீட்டரில் எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் எரியும். சில நொடிகளில் காற்றுப்பை விளக்கு அணைய வேண்டும். பலர் அது அணைகிறதா என்று மட்டும் பார்க்கிறார்கள். அது முதலில் எரிகிறதா என்று பார்ப்பதும் அதே அளவு முக்கியம். எரியவே இல்லை என்றால் குறையை மறைக்க யாரோ அந்த விளக்கையே துண்டித்திருக்கலாம். ஏ.பி.எஸ். விளக்கும், இயந்திரக் கோளாறு விளக்கும் இப்படியே.

காற்றுப்பை பற்றி இன்னொரு செய்தி. ஜப்பானின் தக்காத்தா நிறுவனம் செய்த காற்றுப்பைகளில் வெடிமருந்து நீண்ட கால வெப்பத்தாலும் ஈரப்பதத்தாலும் கெட்டு, விரியும்போது உலோகத் துண்டுகளைத் தெறிக்கவிட்டது. மலேசியாவிலும் அதனால் உயிர்கள் போயின. பழைய ஹோண்டா சி.ஆர்.வி. உட்படப் பல வண்டிகளுக்கு இலவசமாக மாற்றித் தர அழைப்பு விடுக்கப்பட்டது. முந்திய உரிமையாளர் மாற்றாமலேயே விற்றிருக்கலாம். வண்டியின் சாசி எண்ணை அந்த நிறுவனத்தின் சேவை மையத்தில் கொடுத்தால் மாற்றப்பட்டதா இல்லையா என்று தெரிந்துவிடும்.

விபத்தும் மீட்டரும்

போனட்டைத் திறந்ததும் இயந்திரத்தைப் பார்ப்பதற்கு முன் போல்ட்டுகளைப் பார்க்க வேண்டும். தொழிற்சாலையில் முடுக்கிய போல்ட்டின் மேல் சாயம் உடையாமல் இருக்கும். ஸ்பேனர் பட்ட தழும்பு இருந்தால் அந்தப் பாகம் கழற்றப்பட்டிருக்கிறது. முன்புறம் லேசாக இடித்து மாற்றியது பெரிய குற்றமல்ல. ஆனால் முன்புறத் தாங்குசட்டம் வளைந்து நிமிர்த்தப்பட்டதோ, கதவுத் தூண்களில் வெட்டி ஒட்டிய தையல் தெரிவதோ வேறு விஷயம். அந்த வண்டி அடுத்த விபத்தில் குடும்பத்தைக் காக்காது. விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும்.

மீட்டரில் 60,000 கிலோமீட்டர் என்று காட்டினால் அதை நம்புவதற்குச் சாட்சி வேண்டும். சர்வீஸ் புத்தகம் முதல் சாட்சி. எண்ணெய் மாற்றியபோது ஒட்டிய சிறு தாள்கள் இரண்டாவது சாட்சி. தேய்ந்து வழவழத்த ஸ்டியரிங்கும் பிரேக் மிதியின் ரப்பரும் மூன்றாவது. டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களையும் வாசிக்க வேண்டும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. நான்கு டயரும் ஒரே மாதிரி தேய்ந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் சக்கர அமைப்பில் கோளாறு இருக்கலாம்.

குளிர்ந்த இயந்திரம், வெயில் நேரம்

"நான் வரும் வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்" என்று முன்கூட்டியே சொல்லி, காலையில் போக வேண்டும். போனட்டைத் தொட்டால் சில்லென்று இருக்க வேண்டும். சூடாக இருந்தால் குளிர்ந்த இயந்திரம் தரும் சத்தத்தை யாரோ மறைத்திருக்கிறார்கள். நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் குளிர்விக்கும் நீர் உள்ளே கசிகிறது. கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் முறையாக எரியவில்லை.

பிறகு வெயில் ஏறியதும் ஏர்கோனைப் போட்டு, வண்டியை நின்ற இடத்திலேயே கால் மணி நேரம் இயங்கவிட வேண்டும். குளிர் குறையக் கூடாது. வெப்பமுள்ளும் ஏறக் கூடாது. ஓட்டும்போது வானொலியை அணைத்துவிட்டு, குண்டும் குழியுமான சாலையிலும், ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பியும் ஓட்டி, 'டக் டக்' என்ற சத்தம் வருகிறதா என்று கேட்க வேண்டும்.

இதற்கெல்லாம் மேலாக, கடையோடு தொடர்பில்லாத ஒரு மெக்கானிக்கைக் கூலி கொடுத்து அழைத்துப் போவது நல்லது. அவர் ஸ்கேன் கருவியை மாட்டினால், நேற்று அழிக்கப்பட்ட கோளாறுகளின் தடயமும் தெரியும். அழித்த பின் கணினி தன் சோதனைகளை முடிக்கச் சில நாள் ஓட வேண்டும். அவை முடியாமல் இருந்தால் யாரோ அண்மையில் பதிவை அழித்திருக்கலாம் அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கலாம். காரணம் கேட்பது வாங்குபவரின் உரிமை.

காகிதங்கள்

பெயர் மாற்றத்துக்கு பி5 சோதனையும், வங்கிக் கடனுக்கு பி7 சோதனையும் உண்டு. அதில் தேறிவிட்டது என்றால் வண்டி நல்ல வண்டி என்று பலர் நினைக்கிறார்கள். சாசி எண், இயந்திர எண் முதலானவை சரியாக உள்ளனவா என்பதே அங்கே முக்கியம். கியர் இன்னும் எத்தனை ஆண்டு உழைக்கும் என்று அந்தத் தாள் சொல்லாது.

'சம்பூங் பாயார்' என்ற பெயரில் பிறர் கடனைத் தொடர்ந்து கட்டும் ஏற்பாட்டுக்கு இணங்கவே கூடாது. பணம் கட்டுவது ஒருவர், வண்டி இன்னொருவர் பெயரில். வங்கியின் சம்மதமின்றி இப்படிக் கைமாற்றுவது சட்டத்துக்குப் புறம்பானது. வண்டி பறிமுதலானால் கட்டிய பணத்துக்கு வழி இல்லை.

விற்பனையாளர் வாயால் சொன்ன உறுதிமொழிகள் அனைத்தும் ரசீதில் எழுத்தில் வர வேண்டும்: வெள்ளத்தில் படாத வண்டி, பெரிய விபத்தில் சிக்காத வண்டி, மீட்டர் மாற்றப்படாத வண்டி. கடன் கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்பத் தரப்படும் என்பதும் எழுதப்பட வேண்டும். பிறகு சிக்கல் வந்தால், 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரை கோரிக்கை வைக்கலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளி. வழக்கறிஞர் தேவையில்லை, எழுதிய தாள் தேவை.

பாட்டியின் இருக்கை

கிள்ளான் குடும்பத்துக்குத் திரும்புவோம். கணவர் பணப்பையைத் திறக்கப் போகும் நேரத்தில் மனைவி, "என்னங்க, இருங்க. முதல்ல பிள்ளைங்க உட்கார்ற இடத்தைப் பார்ப்போம்" என்கிறார். பின் இருக்கையின் சீட் பெல்ட்டை இழுக்கிறார். முழங்கை நீளம் வெளியே வந்ததும், பழுப்பு நிறத்தில் ஒரு கோடு. அதற்கப்பால் பெல்ட் முழுவதும் அதே நிறம்.

விற்பனையாளர் மூவாயிரம் வெள்ளி குறைக்கிறேன் என்கிறார். குடும்பம் வெளியே வந்துவிடுகிறது. பிள்ளைகளுக்கு ஏமாற்றம்தான். ஆனால் அடுத்த வாரம் வேறொரு கடையில், மின்னாத ஒரு வண்டியைக் காலையில் போய்ப் பார்க்கிறார்கள். சர்வீஸ் புத்தகம் இருக்கிறது, பெல்ட் சுத்தமாக இருக்கிறது, மெக்கானிக்கும் தலையசைக்கிறார். கடைசியாகப் பாட்டியை ஏறி உட்காரச் சொல்கிறார்கள். மூன்றாவது வரிசையில் அவரால் ஏற முடியவில்லை. நடு வரிசையில் வசதியாக உட்காருகிறார். எனவே பின்வரிசை பிள்ளைகளுக்கு. இதையும் வாங்கும் முன்பே தெரிந்துகொண்டார்கள்.

நேயர்களே, ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று பெரியவர்கள் சொன்னது பழைய கார் வாங்குவோருக்கும் பொருந்தும். நாட்டில் பழைய வண்டிகளுக்குப் பஞ்சமில்லை. இன்று போனால் நாளை இன்னொன்று வரும். அந்த இருக்கைகளில் உட்காரப் போகிறவர்களுக்குத்தான் மாற்று இல்லை.