மீண்டும் வார்டுக்கு

கல்யாணம், பிரசவம், படுத்த படுக்கையான மாமியார் என்று ஏதோ ஒரு காரணத்தால் வேலையை விட்ட நர்சுகள் நம் ஊர்களில் ஏராளம். பிள்ளைகள் வளர்ந்தபின், பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று தயங்குகிற அந்தச் சகோதரிகளோடு இன்று பேச வந்திருக்கிறேன்.

தாராளமாகப் போங்கள். நோயாளியின் முகத்தைப் பார்த்ததுமே ஏதோ சரியில்லை என்று கண்டுகொள்கிற கண் உங்களுக்கு இருக்கிறது. நரம்பு பார்த்து ஊசி போடுகிற கையும் பழகிவிடும். நாம் படித்த காலத்தில் சரியாயிருந்து, இன்று மாறிப்போன பாடங்களை நினைத்துத்தான் எனக்குக் கவலை.

இதயம் நின்றுபோனவருக்குச் செய்யும் சி.பி.ஆரை எடுத்துக்கொள்ளுங்கள். மூச்சுப் பாதை, மூச்சு, அப்புறம் நெஞ்சு என்று வரிசையாக மனப்பாடம் செய்திருப்போம். 2010-ல் அமெரிக்க இதயச் சங்கம் அந்த வரிசையை மாற்றிவிட்டது. இப்போது முதல் வேலையே நெஞ்சை அழுத்துவதுதான். பெரியவர்களுக்கு 5 சென்டிமீட்டராவது இறங்க வேண்டும், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. பழைய வரிசையில் போனால் அழுத்தம் தாமதமாகும். அதுவரை மூளைக்கு ரத்தம் போகாது.

இன்சுலின் புதுப் பாடம் அல்ல. ஆனாலும் பழக்கம் விட்டுப்போனவர் தடுமாறுகிற இடம் அது. மில்லிக்கு 40 யூனிட் மருந்தும் உண்டு, 100 யூனிட் மருந்தும் உண்டு. முன்னதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, பின்னதற்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் ஏற்றினால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும். சர்க்கரை தாழ்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

கழிவுகளை மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று பிரிக்கும் 2016-ம் ஆண்டு விதிகளை ஒரே நாளில் கற்றுக்கொள்ளலாம். சொட்டு எண்ணி ட்ரிப்ஸ் ஏற்றிய இடத்தில் இன்ஃப்யூஷன் பம்ப் நிற்கும். "சிஸ்டர், இதை எப்படி செட் பண்றதுன்னு ஒரு தடவை காட்டுங்க" என்று வயதில் சின்னவரிடம் கேட்கக் கூச்சப்படாதீர்கள். வேலைக்கு மனுப் போடும் முன்பே நர்சிங் கவுன்சிலில் உங்கள் பதிவு நடப்பில் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

பிரிட்டனில் மூன்று ஆண்டில் 450 மணி நேரம் வேலை பார்க்காத நர்சு, பணிக்குத் திரும்பும் பயிற்சியையோ தகுதித் தேர்வையோ முடித்தால்தான் மறுபடி பதிவு கிடைக்கும். இங்கோ, சேர்ந்த வாரமே நைட் டியூட்டியில் தனியாக நிறுத்திவிடுகிற ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. அந்தப் பெண்ணுக்கும் நோயாளிக்கும் இது அநியாயம்.

நர்சிங் சூப்பரின்டெண்டென்டுகளிடம் கேட்டுக்கொள்கிறேன்: திரும்பி வருகிறவருக்கு முதல் ஒரு மாதம் பகல் டியூட்டி கொடுங்கள். அனுபவமுள்ள ஒருவரோடு சேர்த்துவிடுங்கள். திரும்பி வந்தவர் நோயாளிக்கு எடுக்கும் மருந்தை இன்னொருவர் சரிபார்க்கட்டும். வீட்டிலிருப்பவர்களே, அந்த ஒரு மாதம் அடுப்படி வேலையை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.