பாட்டியின் கீர்த்தனை

கண்பார்வை மங்கிய பின்பும் என் பாட்டியார் ஆலயத்தில் கீர்த்தனைகளை மனப்பாடமாகவே பாடுவார். ஐரோப்பிய மெட்டிலமைந்த ஞானப்பாட்டுக்கோ வாய் திறவார். பிடிவாதமென்று அன்று நான் நகைத்தேன்.

தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரைப் (1774–1864) பற்றிப் பயின்றபோது நாணினேன். ஜெர்மானியப் போதகர் சுவார்ட்ஸிடம் கல்வி கற்ற அவர், குறத்தி குறிசொல்லும் குறவஞ்சி வடிவிலேயே கிறிஸ்துவைப் பாடி, 'பெத்லகேம் குறவஞ்சி' இயற்றினார். அவருடைய கீர்த்தனைகள் இன்றும் ஆலயங்களில் ஒலிக்கின்றன. பாட்டியார் பழமையெனப் போற்றியது ஒருகாலத்தில் துணிவான புதுமையன்றோ!

ஆதலால், கித்தாருடன் வரும் இளைஞருக்கு முதியோர் இடமளிப்பாராக. இளைஞரும் பாட்டியரிடம் கீர்த்தனை ஒன்றையேனும் கேட்டு மனனம் செய்வாராக. நான் கேட்கத் தவறினேன், நீங்கள் தவறாதீர்கள்.