இலண்டனில் ஒரு தோல் மண்டி



அயல்நாட்டு நகரங்களின் கட்டடச் சிறப்பைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் எனக்குப் பணித்துள்ளார். வாலாஜாவை அடுத்த வேலத்தைச் சொந்த ஊராகக் கொண்ட மு.வ. அவர்கள் 'யான் கண்ட இலங்கை' எழுதினார். அவருடைய வட்டாரத்தாராகிய நாமும் கண்டதைச் சொல்லக் கடமைப்பட்டவர்களே. 2023ஆம் ஆண்டுக் கோடையில், பிரித்தானிய நூலகத்தில் உள்ள பழைய தமிழ் அச்சு நூல்களைக் காணும் பொருட்டு நான்கு திங்கள் இலண்டனில் தங்கியிருந்தேன். கோடையில் அங்கே இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். படிப்பு முடிந்த மாலைகளில் கால்போன போக்கில் நடப்பது என் வழக்கமாயிற்று.

முதலில் கண்டது தூய பவுல் பேராலயம். 1666ஆம் ஆண்டுப் பெருந்தீயில் பழைய ஆலயம் அழிந்தபின், கிறிஸ்டோபர் ரென் என்னும் கட்டடக் கலைஞர் 1675இல் தொடங்கி முப்பத்தைந்து ஆண்டுகள் முயன்று எழுப்பியது. உயரம் 365 அடி. ஆனால் உயரம் என்னைக் கவரவில்லை; தஞ்சையைக் கண்ட கண்கள் அவ்வளவு எளிதில் மயங்குவதில்லை. என்னைக் கவர்ந்தது அதன் குவிமாடத்தின் மறைபொருள். வெளியே நாம் காண்பது ஈயம் போர்த்திய மரச்சட்டம். ஆலயத்திற்குள் நின்று அண்ணாந்து பார்க்கும்போது தெரிவது வேறொரு மாடம். இவ்விரண்டிற்கும் நடுவே, எவர் கண்ணுக்கும் படாமல், செங்கற் கூம்பு ஒன்று நிற்கிறது. உச்சியிலுள்ள கல் விளக்குமாடத்தின் பாரத்தைத் தாங்குவது அதுதான். புகழ் பெறுவது ஒன்று, சுமப்பது வேறொன்று என்று அன்றிரவு நாட்குறிப்பில் எழுதி வைத்தேன்.

பிறிதொரு நாள் லெடன்ஹால் தெருவுக்குச் சென்றேன். சென்னைப் பட்டணத்தையும் நம் ஆர்க்காட்டையும் ஆட்டிப் படைத்த கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை மாளிகை அங்கேதான் இருந்தது. 1861இல் அதனை இடித்துவிட்டார்கள். அவ்விடத்தில் இன்று நிற்பது 1986இல் திறக்கப்பட்ட லாயிட்ஸ் கட்டடம். குழாய்கள், படிக்கட்டுகள், மின்தூக்கிகள் எல்லாம் சுவருக்கு வெளியே தொங்குகின்றன. குடலை எடுத்து மாலையாகப் போட்டுக்கொண்டாற்போன்ற தோற்றம். சிலர் அதனைப் போற்றுகின்றனர். எனக்கு அது பிடிக்கவில்லை.

நான் சொல்ல வந்தது இவற்றைப் பற்றி அன்று.

தேம்சு ஆற்றின் தென்கரையில் பெர்மண்ட்சி என்றொரு பகுதி உண்டு. வழிகாட்டி நூலின்றி ஒருநாள் அங்கே நடந்துகொண்டிருந்தபோது, தெருப் பெயர்ப்பலகை ஒன்று என்னை நிறுத்தியது: டேனர் தெரு. தோல் பதனிடுபவர் தெரு! சற்றுத் தொலைவில் மொரோக்கோ தெரு. அதுவும் ஒருவகைத் தோலின் பெயர்தான். அதற்கப்பால் லெதர்மார்க்கெட் தெரு. அத்தெருவின் மூலையில் 1878இல் கட்டப்பட்ட தோல், கம்பளி வணிக மாளிகை நிற்கிறது. அதனை ஒட்டி 1833இல் எழுந்த பழைய தோல் சந்தை. இன்று அவ்விடங்களில் அலுவலகங்களும் பணிமனைகளும் இயங்குகின்றன. ஆயினும் மாளிகையின் முகப்பில், வட்ட வட்டமான புடைப்புச் சிற்பங்களில், தோல் தொழிலின் வேலைகளைச் செதுக்கி வைத்துள்ளார்கள். அங்கே அரசர் இல்லை, தேவதூதர் இல்லை, தோலோடு போராடும் தொழிலாளர் இருக்கின்றனர்.

அச்சிற்பங்களின் கீழ் நெடுநேரம் நின்றேன். குனிந்த அந்த முதுகு எனக்குப் பழக்கமானது.

என் தந்தையார் இராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலை ஒன்றில் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை பார்த்தவர். உள்ளங்கை வெடித்து, நகங்கள் தேய்ந்து, மாலைப் பேருந்தில் காவேரிப்பாக்கம் திரும்புவார். அருகில் இடமிருந்தும் பலர் அமரமாட்டார்கள். கல்லூரியில் தோழியர் கேட்டபோது, "அப்பா கம்பெனியில் இருக்கிறார்" என்று மட்டும் சொல்வேன். எந்தக் கம்பெனி, என்ன வேலை என்று சொன்னதில்லை. முனைவர் பட்டம் பெற்ற நாளிலும் சொல்லவில்லை. ஒருமுறை கல்லூரி வாயிலுக்கு வந்தவர், உள்ளே வராமல் பணத்தை வாயிற்காவலரிடம் கொடுத்துவிட்டுச் சென்றார். ஏன் வரவில்லை என்று நானும் கேட்கவில்லை. அவர் மறைந்து ஆறு ஆண்டுகள் கழித்து, ஏழு கடல் தாண்டி, அவர் தொழிலை ஒரு மாளிகை தன் நெற்றியில் சூடியிருக்கக் கண்டேன்.

ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் பாதி பதனிட்ட நம் நாட்டுத் தோல்கள் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறி இலண்டனுக்குத்தான் சென்றன. அங்கே ஏலத்தில் விற்கப்பட்டன. அந்நகரத்தின் செருப்பிலும் புத்தக அட்டையிலும் நம் வட்டாரத்துக் கைகள் உண்டு.

ஆங்கிலேயர் பெருந்தன்மையைப் பாராட்டுகிறேன் என்று எவரும் கருதவேண்டா. வணிகர் தம் செல்வத்தைக் காட்டக் கட்டிய மாளிகை அது. அன்று பெர்மண்ட்சியில் குடியிருந்த ஏழைகள் அனுபவித்தது சிற்பத்தை அன்று, நாற்றத்தை. இன்று அந்நாற்றம் அங்கே இல்லை. அடுக்குமாடி வீடுகள் வந்துவிட்டன. நம் பாலாற்றின் நிலையோ நீங்கள் அறிந்ததே. 1996இல் உச்சநீதிமன்றம் வேலூர்க் குடிமக்கள் வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு செய்யவேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2025இல் மீண்டும் அதே நீதிமன்றம் இப்பகுதித் தோல் கழிவைப் பற்றித் தீர்ப்புக் கூற நேர்ந்தது. கிணறுகள் இன்னும் தேறவில்லை.

கவிஞர்களாகிய உங்களிடம் எனக்கு ஒரு கேள்வி உண்டு. இளங்கோவடிகள் புகார் நகரைக் காட்டும்போது மாடமாளிகைகளோடு நில்லாமல், தோல் தைப்போரையும் பெயர் சுட்டி வரிசையில் நிறுத்துகிறார். நம் மேடைகளில் பாலாற்றைப் பாடுகிறோம். பல்லவர் காலத்து நம் பெரிய ஏரியைப் பாடுகிறோம். எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கும் காவேரிப்பாக்கத்துச் சிற்பங்களையும் பாடியிருக்கிறோம். இப்பத்தாண்டுகளில் நம் வட்டத்தில் படிக்கப்பட்ட கவிதைகளில் சுண்ணாம்புத் தொட்டி எத்தனை முறை வந்தது? என் கவிதைகளில் ஒருமுறையும் வரவில்லை. முதற்குற்றவாளி நானே.

இலண்டனிலிருந்து திரும்பியதும் தூய பவுல் ஆலயத்தைப் பற்றி இருபத்துநான்கு அடிகளில் ஒரு கவிதை எழுதினேன். இம்மலருக்கென்று வைத்திருந்தேன். சென்ற வாரம் எடுத்துப் படித்துப் பார்த்துவிட்டுக் கிழித்துவிட்டேன். புதிதாக ஒன்றைத் தொடங்கியிருக்கிறேன். மாலைப் பேருந்தில், பக்கத்து இருக்கை காலியாக, ஒருவர் அமர்ந்திருப்பதில் அது தொடங்குகிறது. இன்னும் நான்கு அடிகளைத் தாண்டவில்லை. முடிந்தால் அடுத்த திங்கள் கூட்டத்தில் படிக்கிறேன்.