யந்திரம் வரம் கொடுக்குமா?



பள்ளிக்கூடத்திற்குக் கம்ப்யூட்டர் வந்துவிட்டால் கல்வியும் தானாக வந்துவிடும் என்கின்ற எண்ணம் இன்று பலருக்கு இருந்து வருகின்றது. ஆயுத பூஜையன்று அதற்குப் பொட்டு வைப்பவர்களும் உண்டு. சாமி வரம் கொடுக்கும் என்பதற்கும், பெட்டி அறிவு கொடுக்கும் என்பதற்கும் வித்தியாசம் என்ன என்று கேட்கின்றோம். இரண்டும் சோதித்துப் பாராத நம்பிக்கைதானே!

சோதித்தவர்கள் கண்டதென்ன? தென் அமெரிக்காவிலுள்ள பெரு தேசத்துச் சர்க்கார் ஏழைப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு மடிக்கணினி கொடுத்தது. கிராமத்துப் பள்ளிகள் 319-ஐ எடுத்து, மடிக்கணினி பெற்ற பள்ளிகளையும் பெறாத பள்ளிகளையும் 15 மாதம் கழித்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2012-இல் வெளியான முடிவு யாதெனில், கணக்கிலும் மொழியிலும் இரு கூட்டத்தாருக்கும் வித்தியாசம் காணவில்லை என்பதாகும்.

உடனே, “யந்திரமே வேண்டாம், பழைய முறையே மேல்” என்று பழமைப் பித்தர்கள் கிளம்பக்கூடும். அதுவும் மூடத்தனமேயாகும்.

டெல்லியில் 2015-இல் 619 பிள்ளைகளை வைத்து வேறொரு சோதனை நடந்தது. அவர்களில் 6-ஆம் வகுப்புப் பிள்ளைகள் கணக்கில் சராசரி இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார்கள். குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்குப் பள்ளி நேரத்திற்கு வெளியே 45 நிமிஷம் கம்ப்யூட்டர், 45 நிமிஷம் சிறு கூட்டமாக ஆள் வைத்துப் பாடம். அந்தக் கம்ப்யூட்டர் என்ன செய்ததென்றால், பிள்ளை எந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது என்று பாராமல், அதற்கு எதுவரை தெரியும் என்று பார்த்து, அங்கிருந்து சொல்லிக் கொடுத்தது. நாலரை மாதத்தில் அவர்கள் கணக்கில் அடைந்த முன்னேற்றம் மற்றவர்களைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல்!

தோழர்களே! இந்தப் பிள்ளைகளைத்தானே “தலையெழுத்து”, “பிறவிப் புத்தி” என்று ஒதுக்கி வைத்தார்கள்? நாலரை மாதத்தில் அழிந்துபோகும் எழுத்தைப் பிரமனா எழுதினான்? குற்றம் பிள்ளையின் தலையில் இல்லை, பாடம் சொல்லும் முறையில்தான் இருந்தது.

இவ்வளவும் தெரிந்தும் வகுப்பில் ஏன் நடப்பதில்லை? ஆராய்ச்சிக்காரர் கண்டதை, அவருடைய கூட்டத்தாரே படிக்கும் இங்கிலீஷில் எழுதி வைக்கிறார். வேதத்தைப் பூட்டி வைத்ததற்கும் இதற்கும் பலனில் என்ன பேதம்? நாற்பது பிள்ளைகளோடு மாரடிக்கும் உபாத்தியாயரையோ, “உமக்கு எது தடையாயிருக்கிறது?” என்று ஒருவரும் கேட்பதில்லை. கண்டவர் செய்வதில்லை, செய்பவர் காண்பதில்லை. நடுவில் பெட்டி விற்பவனுக்கு மாத்திரம் லாபம்.

ஆகவே, உங்கள் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுவில் எழுந்து மூன்று கேள்வி கேளுங்கள். எந்தப் பிள்ளைக்கு எதுவரை தெரியும்? இந்த யந்திரத்தை வைத்து உபாத்தியாயர் எப்படிப் பாடம் நடத்தப் போகிறார்? ஆறு மாதம் கழித்துப் பலனை யார் சோதிப்பது?

நாம் சொல்வதையும் சொன்னபடியே நம்பிவிடாதீர்கள். உங்கள் வீட்டுப் பிள்ளையை உட்காரவைத்து ஒரு கழித்தல் கணக்குப் போடச் சொல்லிப் பாருங்கள். பிறகு மற்றதெல்லாம் உங்களுக்கே விளங்கும்.