சொல் இல்லாத இசையும் நம் தொழிற்பேட்டையும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



பத்தாண்டுகளாகச் சொல்லைப் பற்றியே பேசிவந்த அவை இது. இங்கே சொல்லே இல்லாத ஓர் இசையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஹெவி மெட்டல் என்னும் வன்னிசையின் கிளைகளுள் ஒன்று புரோகிரசிவ் மெட்டல். அதிலும் பாடகர் இன்றி, ஒரே கலைஞர் தனித்திருந்து உருவாக்கும் கருவியிசைத் தொகுப்புகளே என் பொருள். 'அது வெறும் இரைச்சல் அல்லவா?' என்று நம் மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். ஓசூர்க்காரர் எவருக்கும் இரைச்சலைப் பற்றிக் கேட்கும் உரிமை உண்டு.

சிப்காட் வளாகத்தில், தகடு அழுத்தும் பிரஸ் ஷாப் ஒன்றில் வேலை பார்ப்பவன் நான். இந்த இசையின் பிறப்பே அத்தகைய ஒரு கூடத்தோடு தொடர்புடையது. 1965இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில், தகட்டுத் தொழிற்சாலை ஒன்றில், டோனி அயோமி என்ற பதினேழு வயது இளைஞரின் வலக்கை விரல்கள் இரண்டின் நுனிகள் இயந்திரத்தில் துண்டாயின. அன்றுதான் அவருக்கு அங்கே கடைசி வேலை நாள். இடக்கைப் பழக்கம் உடையவராதலால், கிதாரின் தந்திகளை அழுத்த வேண்டிய கை அதுவே. 1928இல் தீக்காயத்தால் இரு விரல்கள் முடங்கிய பிறகும் வாசித்துப் புகழ்பெற்ற ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டைக் கேட்டு அவர் மனம் தேறினார். பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுறை செய்துகொண்டார். அழுத்துவதற்கு எளிதாகத் தந்திகளைத் தளர்த்தவும் செய்தார். தளர்ந்த தந்தி தாழ்ந்த ஒலியைத் தந்தது. 1970இல் பிளாக் சபாத் குழுவின் முதல் தொகுப்பு வெளிவந்தபோது உலகம் கேட்ட கனத்த ஒலிக்குப் பின்னே ஒரு தொழிலாளியின் காயமும் இருந்தது.

இந்தக் கதையை நான் முதன்முதலில் சொன்னது ஓர் உடன்பணியாளரிடம். அவர் வீட்டில் தெலுங்கு பேசுவார். என்னிடம் தமிழும் மேலாளரிடம் கன்னடமும் பேசுவார். முன்பு வேலை பார்த்த இடத்தில் இடக்கைச் சுட்டுவிரலின் நுனியை இழந்தவர். அதற்கு முன் கிதார் வாசித்தவர். கதையைக் கேட்டுவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தார். மறுவாரம் தோலில் ஓர் உறை தைத்துக்கொண்டு வந்தார்.

ஆனால் குழு அமைக்க அவரால் இயலவில்லை. மூன்று ஷிப்டுகளில் வேலை செய்யும் நான்கு பேர் ஒரே மாலையில் கூடுவது எங்ஙனம்? இங்கேதான் தனிக்கலைஞரின் இசைத்தொகுப்பு பொருள் பெறுகிறது. 2009இல் வெளிவந்த 'அனிமல்ஸ் ஆஸ் லீடர்ஸ்' முதல் தொகுப்பில் கிதார் முழுவதும் டோசின் அபாசி ஒருவரே வாசித்தார். முரசொலியைக் கணினியில் அமைத்துக் கொடுத்தவர் மிஷா மன்சூர். அமெரிக்காவின் பென் ஷார்ப், 'கிளவுட்கிக்கர்' என்ற பெயரில் எல்லாவற்றையும் தாமே பதிவு செய்து இணையத்தில் வழங்கினார். டில்லியில் கேசவ் தர் வீட்டறையில் தனியே தொடங்கிய முயற்சியே பின்னர் 'ஸ்கைஹார்பர்' என்ற குழுவாக வளர்ந்து 2012இல் தன் முதல் தொகுப்பை வெளியிட்டது. தமிழகத்திலிருந்து சென்ற பிரசன்னா, 2006இல் 'எலெக்ட்ரிக் கணேஷா லேண்ட்' தொகுப்பில் ராக் இசையையும் கர்நாடக இசையையும் தம் கிதாரில் இணைத்தார். அது மெட்டல் அன்று. ஆயினும் நம் செவிக்கு அதுவே அருகிலுள்ள வாயில்.

இந்த இசையின் இலக்கணத்தையும் சற்றுச் சொல்கிறேன். கிதார் ஐந்து மாத்திரை அளவுள்ள ஒரு தொடரைத் திரும்பத் திரும்ப வாசிக்கும். முரசு நான்கு மாத்திரைக் கணக்கில் நடக்கும். ஒன்றாகத் தொடங்கிய இரண்டும் பிரிந்து போய், இருபது மாத்திரை முடிந்ததும் மறுபடி ஒன்று சேரும். கோர்வையின் கணக்கு அறிந்த மிருதங்கக் கலைஞர் இதைக் கேட்டுத் திகைக்கமாட்டார். பிரஸ் ஷாப்காரனும் திகைக்கமாட்டான். வெவ்வேறு வேகத்தில் ஓடும் இரு இயந்திரங்களின் அடி எப்போதோ ஒருமுறை சேர்ந்து விழும் கணத்தை அவன் நாள்தோறும் கேட்கிறான். எட்டுத் தந்திக் கிதாரின் அடித்தந்தி நொடிக்கு ஏறத்தாழ 46 முறை அதிர்வது. அதைக் காதைவிட நெஞ்சுக்கூடே முதலில் உணரும்.

சொல்லின்றிக் கேட்பது நமக்குப் புதிதன்று. விடிய விடிய நாகசுரம் கேட்ட மரபு நம்முடையது. 1986இல் இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?' வந்தபோதும் எவரும் பாடல் வரி எங்கே என்று கேட்கவில்லை.

சொல் இல்லாத இசை எல்லைகளை அழித்துவிடும் என்று நான் சொல்லவரவில்லை. 1991 டிசம்பரிலும் 2016 செப்டம்பரிலும் காவிரியின் பெயரால் கலவரம் மூண்டபோது எந்த இசையும் அதைத் தடுக்கவில்லை. நான் சொல்வது வேறு. 'உங்கள் வட்டத்தில் எங்கள் கூடத்தைப் பற்றி யாராவது எழுதியிருக்கிறார்களா?' என்று அந்த நண்பர் ஒருநாள் கேட்டார். பத்தாண்டுக் கூட்டக் குறிப்புகளைப் புரட்டிப் பார்த்தேன். ஒரு கதையும் இல்லை, ஒரு கவிதையும் இல்லை, நானும் எழுதவில்லை. நாம் எழுதாததை அவர், இரவு ஷிப்டு முடிந்து வந்து, ஒரு நாளைக்கு நான்கைந்து வரிசை வீதம் கணினியில் பதிவு செய்துகொண்டிருக்கிறார். இதுவரை பதினொரு நிமிடம் ஆகியிருக்கிறது.

அடுத்த மாதக் கூட்டத்தில் அந்தப் பதினொரு நிமிடத்தை இங்கே ஒலிக்கவிட அனுமதி கேட்கிறேன். கேட்டபின் இரைச்சல் என்று தோன்றினால் அவரிடமே சொல்லுங்கள், அவர் தாங்கிக்கொள்வார். கேளாமலே சொல்ல வேண்டாம் என்பதுதான் என் வேண்டுகோள்.