வாயிலில் வேண்டும் வடிகட்டி

(வடசேரியில் இளைஞரிடையே ஆற்றப்பெற்ற உரை)



வடசேரிப் பேருந்து நிலையத்தில் ‘திருநெல்வேலி’ என்னும் பலகையோடு ஒரு வண்டியும், ‘பாளையங்கோட்டை’ என்னும் பலகையோடு மற்றொரு வண்டியும் நிற்பதாகக் கொள்வோம். பாளையங்கோட்டைக்குச் செல்பவர் எதில் ஏறுவார்? தம் ஊரைக் குறித்துச் சுட்டும் வண்டியிலேயே ஏறுவார். அப்பலகை பொய்யாயின் அவர் வழிதவறுவது உறுதி. இணையத்தின் இயல்பும் இதுவே.

இணையம் ஒரே வலையன்று. பல்லாயிரம் தனிவலைகளின் கூட்டு. ஒவ்வொரு வலையும் தன்பாலுள்ள முகவரிகளைத் தன் எல்லைத் திசைவி வாயிலாக அயல்வலைக்கு அறிவிக்கும். அயல்வலை அதனை அடுத்த வலைக்கு அறிவிக்கும். ஒரே முகவரிக்கு இரண்டு அறிவிப்புகள் வரின், சிறிய தொகுதியைச் சுட்டுவதே வெல்லும். அறிவிப்பவர் அம்முகவரிக்கு உரியவர்தாமா என எல்லைவாயில் நெறிமுறை தானாக ஆராய்வதில்லை. ஆகவேதான், ஏற்கத்தக்க அறிவிப்பை ஏற்று ஏனையவற்றைத் தள்ளும் வடிகட்டி ஒன்று வாயிலில் வேண்டப்படுகிறது.

அஃது இல்லையேல் என்னாகும்? 2008 பிப்பிரவரி 24 அன்று நேர்ந்ததே சான்று. யூடியூபு தளத்தைத் தன் நாட்டினுள் தடுக்கப் பாக்கித்தான் அரசு ஆணையிட்டது. யூடியூபு 1,024 முகவரிகளை ஒரே தொகுதியாக அறிவித்திருந்தது. பாக்கித்தான் தொலைத்தொடர்பு நிறுவனம் அவற்றுள் 256 முகவரிகளைத் தன்னவைபோல் அறிவித்தது. உள்நாட்டில் நிற்கவேண்டிய அவ்வறிவிப்பு வெளியே கசிந்தது. ஆங்காங்கின் பி.சி.சி.டபிள்யூ. என்னும் மேல்வலை அதனை ஆராயாது ஏற்று உலகெங்கும் பரப்பிற்று. ஏறத்தாழ இரண்டு மணிநேரம் உலகின் பெரும்பகுதிக்கு யூடியூபு எட்டாதாயிற்று. முன்னதன் வெளிவாயிலிலும் காவலில்லை. பின்னதன் உள்வாயிலிலும் காவலில்லை.

ஆகவே, திசைவியை அமைப்பவர் செய்யற்பாலன நான்கு. ஒன்று: வாடிக்கை வலையிடமிருந்து, அதற்குரியவை எனப் பதிவுபெற்ற முகவரித் தொகுதிகளை மட்டும் ஏற்றல். இரண்டு: அயல்வலைகட்குத் தன்னவற்றையும் தன் வாடிக்கை வலைகளுடையவற்றையும் மட்டும் அறிவித்தல். மூன்று: அறிவிப்புகளின் எண்ணிக்கைக்கு வரம்பிட்டு, அது மீறப்படின் இணைப்பைத் துண்டித்தல். நான்கு: நெறி எழுதப்படாத வாயிலை மூடியே வைத்தல். இந்நான்காவதை இணையப் பொறியியல் பணிக்குழுவின் 8212ஆம் ஆவணம் 2017இல் பொதுநெறியாக்கியது.

மடையைத் திறந்துவிட்டுப் பின்னர்க் காவலுக்கு ஆள்தேடும் உழவர் நாஞ்சில் நாட்டில் இல்லை. ஓர் ஊரின் மடை உடைந்தால் நனைவது அடுத்த ஊரின் வயலும் அன்றோ? அயலானை நம்புக, ஆனால் அவன் அறிவிப்பை ஆராய்ந்து நம்புக. தன் வாயிலைத் தானே காக்கும் பொறியாளர் இம்மண்ணிலிருந்து எழுக!